பனிச்சாலைக்குப் போகும் ஃபோர்வீலுக்குச் சங்கிலி: வாசகர் கேள்வி – பதில்

ஜூன் பிறந்தால் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா. டிசம்பர் வந்தால் ஹொக்கைடோ, யுன்னான். வாடகை வண்டியிலோ சொந்த வண்டியிலோ பனி பார்க்கக் கிளம்பும் மலேசியக் குடும்பங்கள் பெருகிவிட்டன. வாகனப் பகுதிக்கு வந்த கடிதங்களிலும், பனியில் வழுக்காமல் இருக்க டயர்மேல் மாட்டும் பனிச் சங்கிலி பற்றிக் கேட்டவை நிறைய. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஜூலையில் நியூசிலாந்து தென்தீவுக்குப் போகிறோம். ஏழு பேர் என்பதால் பெரிய ஃபோர்வீல் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். சங்கிலிக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். ஃபோர்வீல் எடுத்த பிறகும் சங்கிலி எதற்கு?
– வாசகர், செந்தூல்

கட்டணத்தைக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு சக்கரமும் இழுப்பதால் வண்டி வழுக்காமல் கிளம்பும், ஏற்றத்தில் திணறாமல் ஏறும். ஃபோர்வீலால் கிடைக்கும் உதவி அவ்வளவுதான். பிரேக் போடும்போது எல்லா வண்டியும் நான்கு சக்கரத்தில்தான் நிற்கிறது. சின்ன காருக்கு இருப்பதும் உங்கள் வண்டிக்கு இருப்பதும் அதே ரப்பர், அதே பனி. வளைவில் திரும்பும்போதும் அப்படித்தான். கனமான வண்டி என்பதால் தரையை நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். எடை கூடுவதால் வண்டி நிற்கும் தூரம் குறைவதில்லை. வழுக்கிப் போய் மோதும்போது அடிதான் பலமாக விழும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு சக்கர இயக்க வண்டி கிளம்பும்போதே சக்கரம் சுழன்று, சாலை வழுக்குகிறது என்று ஓட்டுநரை எச்சரித்துவிடும். ஃபோர்வீல் சத்தமில்லாமல் கிளம்பி வேகம் பிடித்துவிடும். முதல் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் சாலையின் நிலை தெரியவரும். அதனால் பனிச்சாலையில் ஏறியதும், பின்னால் வண்டி வராத நேராகப் போகும் இடத்தில், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஒருமுறை மெதுவாக பிரேக் போட்டுப் பாருங்கள். காலடியில் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உடனே அதிர்ந்தால் சங்கிலி மாட்டும் நேரம் வந்துவிட்டது.

சட்டமும் இருக்கிறது. தே அனாவிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகும் ஏறத்தாழ 120 கி.மீ. சாலையில், மே முதல் நவம்பர் வரையான காலத்தில், ‘சங்கிலி வைத்திருக்க வேண்டும்’ என்ற பலகை இருந்தால் ஃபோர்வீலுக்கும் அது பொருந்தும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மவுன்ட் ஹோத்தாம், ஃபால்ஸ் கிரீக் மலைகளுக்குப் பனிப்பருவத்தில் போகும் எல்லா வண்டிகளும் வைர வடிவச் சங்கிலி வைத்திருக்க வேண்டும். பக்கத்து நியூ சவுத் வேல்ஸில் கோசியஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் இரண்டு சக்கர இயக்க வண்டிக்குத்தான் கட்டாயம், ஃபோர்வீலுக்கு அது ஆலோசனை மட்டுமே. மாநில எல்லையைத் தாண்டினால் விதி மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

வண்டியை எடுக்கும்போது கவுண்டரிலேயே சங்கிலிப் பையைத் திறந்து பாருங்கள். பெட்டியில் எழுதிய அளவும் டயரில் எழுதிய அளவும் ஒத்துப்போகிறதா, இரண்டு சங்கிலியும் இருக்கின்றனவா, கொக்கி ஏதும் வளைந்திருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள். முன்பு எடுத்துப் போனவர் ஒன்றை மட்டும் திருப்பித் தந்திருந்தால், அது மலையில் தெரியவருவதைவிட அங்கேயே தெரிவது நல்லது.

கேள்வி: நண்பர் ஒருவர் பயன்படுத்திய சங்கிலி தருகிறார். பெட்டியில் 265/70 ஆர் 16 என்று போட்டிருக்கிறது. என் வண்டியின் டயர் 265/65 ஆர் 17. பொருந்துமா? புதிதாக வாங்குவதென்றால் எந்த வகை?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

முதலில் கணக்கு. டயரில் முதல் எண் அகலம், மி.மீட்டரில். இரண்டாவது எண் பக்கவாட்டு உயரம், அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. மூன்றாவது எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். உங்கள் டயருக்கு 265-இல் 65 விழுக்காடு 172.25. மேலும் கீழும் சேர்த்து 344.5. 17 அங்குலம் என்பது 431.8 மி.மீ. ஆக மொத்த விட்டம் 776.3 மி.மீ. நண்பரின் டயருக்கு இதே கணக்கில் 777.4 வரும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லலாம், அகலமும் ஒன்றே. இப்போது பல பிக்கப்களில் வரும் 265/60 ஆர் 18-க்கும் 775.2 மி.மீ. வருகிறது. அதனால்தான் ஒரே சங்கிலிப் பெட்டியில் பல அளவுகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும்.

கணக்கு ஒத்துவந்தாலும் பெட்டியில் உள்ள அட்டவணையில் உங்கள் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். புத்தம் புதிய டயரின் பூ (தரையில் படும் பகுதியின் பள்ளக்கோடுகள்) ஆழமாக இருக்கும். ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் டயரின் தோள் பருமன் மாறும். கடைசி முடிவைச் சொல்வது மாட்டிப் பார்க்கும் சோதனைதான்.

பழைய சங்கிலி என்றால் அதன் தேய்மானத்தைப் பாருங்கள். தரையில் படும் கண்ணி ஒன்றை விரலில் எடுத்து, தரையில் படாத பக்கச் சங்கிலியின் கண்ணியோடு ஒப்பிடுங்கள். புதிதாக இருந்தபோது இருந்த பருமனில் பாதி தேய்ந்திருந்தால் வாங்க வேண்டாம். தார்ச்சாலையில் நிறைய ஓடிய சங்கிலியில் கண்ணியின் ஒருபுறம் கத்தி விளிம்பு மாதிரி பளபளக்கும். அது எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகலாம்.

வகையைப் பொறுத்தவரை எங்கள் பரிந்துரை வைர வடிவம். ஏணி வடிவத்தில் டயரின் குறுக்கே மட்டும் சங்கிலி ஓடும். நேராக இழுக்க அது போதும். ஆனால் இரண்டு படிக்கு நடுவே வெறும் ரப்பர்தான் தரையில் படும், பக்கவாட்டில் வழுக்கும், ஓட்டமும் தடதடக்கும். வைர வடிவத்தில் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு கண்ணி தரையைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் வளைவிலும் பிடிப்பு கிடைக்கும், ஏபிஎஸ்ஸும் குழம்பாது.

அடுத்தது பருமன். கடைகளில் 7, 9, 12, 16 மி.மீ. என்று பார்ப்பீர்கள். டயரின் மேல் சங்கிலி எவ்வளவு எழும்பி நிற்கும் என்பதைச் சொல்லும் அளவு அது. 7-ம் 9-ம் வீல் ஆர்ச்சுக்குள் இடமில்லாத கார்களுக்கு. இரண்டு டன்னைத் தாண்டும் ஃபோர்வீலுக்கு அவை சீக்கிரம் தேய்ந்து அறுந்துவிடும். இடம் இருந்தால் 12, பிக்கப்புக்கும் பெரிய எஸ்யூவிக்கும் 16. உருண்டைக் கம்பியைவிட ஒருபுறம் தட்டையாக வரும் கம்பியின் விளிம்பு உறைபனியை நன்றாகக் கடிக்கும். மொத்த எடை 3.5 டன்னுக்குள் உள்ள வண்டிக்கான சங்கிலியில் ஆஸ்திரியாவின் ஓநார்ம் வி5117 அல்லது ஐரோப்பாவின் ஈஎன் 16662-1 தர முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாம்.

கோலாலம்பூர் டயர் கடைகளில் இது அன்றாடச் சரக்கு அல்ல. இணையத்தில் வாங்கினால், பயணத்துக்கு முன் மாட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கும்படி வாங்குங்கள். விமானத்தில் கொண்டுபோவதாக இருந்தால் சரக்குப் பெட்டியில் வையுங்கள். இரும்பு என்பதால் எடைக் கணக்கை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு சங்கிலி போதுமா, நான்கும் வேண்டுமா? இரண்டென்றால் முன்னாலா, பின்னாலா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

ஆளாளுக்குச் சொல்வதை விட்டுவிட்டு, வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள். ஹைலக்ஸ், லேண்ட் குரூசர் போன்ற, தனி இரும்புச் சட்டகத்தின் மேல் உடல் பொருத்திய வண்டிகளுக்கு டொயோட்டா சொல்வது பின்சக்கரம். சுபாருவின் கையேடு முன்சக்கரம் என்கிறது. சில பெரிய ரிம்களுக்குச் சங்கிலியே கூடாது என்று எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் வாதாடாமல் விட்டுவிடுங்கள்.

முன்சக்கரம் வேண்டாம் என்பதற்குக் காரணம் இடம். முன்சக்கரம் திரும்பும், ஏறி இறங்கும். அதன் உட்புறத்தில் பிரேக் ரப்பர் குழாய், ஏபிஎஸ் உணரியின் ஒயர், சஸ்பென்ஷனின் மேல் கை என்று எல்லாம் நெருக்கமாக இருக்கும். சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்து தொங்கினாலும் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் அது அங்கே அடிக்கும். பிரேக் குழாய் அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் மட்டும் போட்டால் ஏற்றத்தில் நல்ல இழுவை கிடைக்கும், இறக்கத்தில் வால் நேராக இருக்கும். ஆனால் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரத்தின் வேலை, அங்கே சங்கிலி இல்லை. வேகமாக வளைவுக்குள் போனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். முன்னால் மட்டும் போட்டால் ஆபத்து எதிர்ப்பக்கத்தில். இறக்கத்தில் பிரேக் போட்டதும் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், சங்கிலி இல்லாத பின்பக்கம் சுழன்று முன்னே வந்துவிடும்.

கையேடு அனுமதித்தால், நீண்ட செங்குத்தான இறக்கம் இருக்கும் வழிக்கு நான்கு சக்கரத்துக்கும் போடுவதே சரி. அனுமதிக்காவிட்டால், பின்னால் சங்கிலி, நான்கிலும் உண்மையான குளிர்கால டயர். குளிர்கால டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கும். ‘சேறும் பனியும்’ என்பதைக் குறிக்கும் எம்+எஸ் எழுத்து மட்டும் இருந்தால் அது குளிர்கால டயர் ஆகாது. எது எப்படி ஆனாலும் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போடுவதோ, முன் இடதும் பின் வலதும் என்று குறுக்கே போடுவதோ கூடவே கூடாது.

கேள்வி: மாட்டும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். வீட்டு வாசலிலேயே பழகிப் பார்க்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பழகியே ஆகவேண்டும். வெளிச்சத்தில், காய்ந்த தரையில், விரல் மரத்துப்போகாமல் இருக்கும்போது இரண்டு தடவை செய்தவருக்கு, இருட்டில் பூஜ்ய டிகிரியில் கை தானாக வேலை செய்யும். வாடகை வண்டி என்றால் எடுத்த இடத்திலேயே பழகிவிடுங்கள். இப்போது அதிகம் விற்பது, உள்பக்கம் எஃகு வடக் கம்பி வளையமும் வெளிப்பக்கம் இழுசங்கிலியும் கொண்ட வகை. அதற்கான முறையைச் சொல்கிறோம்.

பனி தொடங்கும் இடத்துக்கு முன்பே, சமதளத்தில், சங்கிலி மாட்டுவதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நிறுத்துங்கள். சாலையின் நடுவிலோ ஏற்றத்திலோ வளைவுக்குப் பின்னாலோ நிறுத்த வேண்டாம். பின்னால் வரும் வண்டியாலும் நிற்க முடியாது. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை பார்க்கிங்கில் வைத்து, அபாய விளக்கு எரியவிட்டு, ஒளிரும் மேலங்கி அணிந்துகொள்ளுங்கள். சங்கிலி மாட்டாத ஒரு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக் தேவையில்லை. டயரில் காற்றை இறக்கிவிட்டு மாட்டுவதும் தவறு, கையேடுகள் அதைத் தடுக்கின்றன.

சங்கிலியைத் தரைவிரிப்பில் கொட்டி நீட்டிப் பிரித்துப் போடுங்கள். இந்த ஒரு நிமிடத்தைத்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். ஒரு கண்ணி முறுக்கியிருந்தாலும் கடைசியில் கொக்கி எட்டாது, மறுபடி முழுவதையும் கழற்ற வேண்டிவரும். கண்ணிகளின் வழுவழுப்பான பக்கம் டயரைப் பார்த்தும், கொக்கிகளின் திறந்த வாய் டயரைவிட்டு வெளியே பார்த்தும் இருக்கட்டும். கொக்கி உள்பக்கம் பார்த்தால் டயரின் சுவரைக் குத்திக் கிழிக்கும்.

வளையத்தின் ஒரு முனையைப் பிடித்து டயருக்குப் பின்னால் தள்ளுங்கள். மறுபுறம் கையை விட்டு அதை இழுத்து, இரண்டு முனையையும் டயரின் உச்சிக்குத் தூக்கி ஒன்றோடொன்று மாட்டுங்கள். பூட்டிய வளையத்தை உள்சுவர் வரை நன்றாகத் தள்ளிவிடுங்கள். அது டயரின் பூ மேலேயே தங்கிவிட்டால், மீதி எல்லாம் சரியாகச் செய்தாலும் வெளிப்பக்கம் நீளம் போதாது. சங்கிலி சிறியது என்று பலர் குறைசொல்வதற்கு இதுவே காரணம்.

பிறகு வெளிப்பக்க மேல் கொக்கியை மாட்டி, வைரக் கட்டங்களை டயரின் நடுவில் கையால் சரிசெய்யுங்கள். கடைசியாக, கீழே தொங்கும் இழுசங்கிலியைப் பல்பூட்டு வழியாக விட்டு, முழு பலத்தோடு இழுத்து, மிச்ச நீளத்தைச் சுற்றுவழியாகக் கொண்டுபோய் ரப்பர் முனையோடு எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். எந்த முனையும் தொங்கக் கூடாது. கொக்கிகளுக்குப் பூசியிருக்கும் வண்ணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே உங்கள் பெட்டியில் உள்ள படத்தை நீர் புகாத உறையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள்.

50 முதல் 100 மீட்டர் வரை நடைவேகத்தில் ஓட்டி நிறுத்தி, மறுபடி இழுத்து இறுக்குங்கள். சக்கரம் சுற்றும்போது சங்கிலி தன் இடத்தில் உட்கார்ந்து, கட்டாயம் சில கண்ணி தளர்ச்சி காட்டும். ஒரு கி.மீ. போனதும் இன்னொரு முறை பாருங்கள். தானே இறுக்கிக்கொள்ளும் வகைக்கும் இந்தச் சோதனை வேண்டும். அதன் பிறகு உயர்ந்தபட்சம் மணிக்கு 50 கி.மீ. சங்கிலிக் குறிப்பில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுவே எல்லை.

கூடவே இருக்க வேண்டியவை: ரப்பர் பூசிய கையுறை இரண்டு ஜோடி (ஒன்று நனைந்துவிடும்), நெற்றியில் கட்டும் விளக்கு, முட்டிக்குக் கீழே போட ஒரு பாய், சின்ன மண்வெட்டி, இணைப்புக் கண்ணிகள் நான்கைந்து, ஒரு பிளையர், கொஞ்சம் கட்டுக்கம்பி.

கேள்வி: சங்கிலி போட்டபின் 4எச்-ஆ, 4எல்-ஆ? டிஃப் லாக் போடலாமா?
– வாசகர், பத்து கேவ்ஸ்

சாதாரணமாக 4எச், அதாவது நான்கு சக்கர இயக்கத்தின் வழக்கமான வேக நிலை. செங்குத்தான ஏற்றத்துக்கும், முக்கியமாக இறக்கத்துக்கும் 4எல், தாழ்ந்த கியர். பிரேக்கை நம்பாமல் எஞ்சின் பிடித்து இறக்கட்டும். பின்சக்கரம் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பின் டிஃப் லாக், சிக்கிக்கொண்ட வண்டியை நேராக வெளியே எடுக்க மட்டும்; வளைவில் அது வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நடு டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பகுதி) இல்லாத பிக்கப்பில் பனியில்லாத தார்ச்சாலை வந்ததும் 4எச்-ஐ எடுத்துவிடுங்கள், இல்லையேல் கியர்ப்பெட்டி முறுக்கேறும். அந்த இடத்தில் சங்கிலியையும் கழற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து வேலையாகக் கலிஃபோர்னியா போகிறேன். மலைச்சாலையில் ஆர்1, ஆர்2 என்ற பலகைகள் வருமாமே?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

வரும். சங்கிலிக் கட்டுப்பாடு எவ்வளவு கடுமை என்பதைச் சொல்லும் நிலைகள் அவை. ஆர்1, ஆர்2 இரண்டிலும் ஃபோர்வீலுக்குச் சங்கிலி மாட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஆர்2-இல் நான்கு சக்கரத்திலும் பனிக்கு ஏற்ற டயர் இருந்தால்தான் அந்த விலக்கு, அப்போதும் சங்கிலி வண்டிக்குள் இருக்க வேண்டும். ஆர்3 என்றால் யாருக்கும் விலக்கில்லை. பெரும்பாலும் அந்த நிலை வருமுன் சாலையையே மூடிவிடுவார்கள். வாடகை ஒப்பந்தத்தில் சங்கிலி மாட்டத் தடை இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: சொந்த ஹைலக்ஸில் தாய்லாந்து, லாவோஸ் வழியாக யுன்னான் போகும் அணியில் சேர்ந்திருக்கிறேன். பிப்ரவரியில் டெச்சின் வரை. 285/70 ஆர் 17 மட் டயர், இரண்டு அங்குல லிஃப்ட் (வண்டியை உயர்த்தியது). வேறு என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், கெப்போங்

உங்கள் டயரின் விட்டம் 830.8 மி.மீ. ஹைலக்ஸின் 265/65 ஆர் 17-ஐவிடச் சுற்றளவில் 17 செ.மீ. கூடுதல். ‘ஹைலக்ஸுக்கு’ என்று கேட்டு வாங்கினால் மாட்டாது. டயர் அளவைச் சொல்லி வாங்குங்கள்.

லிஃப்ட் செய்ததால் நிறைய இடம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். லிஃப்ட் மேலேதான் இடம் தருகிறது. சங்கிலி இடிப்பது உள்பக்கத்தில். பின்சக்கரத்தின் உட்சுவருக்கும் இலைச் சுருளுக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவே விளக்கடித்துப் பாருங்கள். அகல டயர் ஏற்கெனவே அந்த இடைவெளியைத் தின்றிருக்கும். வண்டியில் பயணத்துக்கு ஏற்றப்போகும் முழுச் சுமையையும் ஏற்றி, சங்கிலியை மாட்டி, ஒருவர் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்த, இன்னொருவர் தள்ளி நின்று பார்க்கட்டும். சுருள், ஷாக் அப்சார்பர், பிரேக் குழாய், மட்கார்டு ஆகியவற்றில் எங்கேனும் ஒரு விரல் நுழையாத இடம் இருந்தால் அந்தச் சங்கிலி அந்த டயருக்கு ஆகாது. பயணத்துக்கு மட்டும் பழைய அளவு டயரையும் ரிம்மையும் மாட்டிக்கொண்டு போவதே எங்கள் ஆலோசனை. மட் டயரின் பெரிய கட்டைகள் சேற்றில் சிறப்பாக வேலை செய்யும், ஆனால் குளிரில் அந்த ரப்பர் விறைத்துப்போய் உறைபனியில் பிடிக்காது.

டெச்சின் வழியில் பைமா பனிமலைக் கணவாய் 4,000 மீட்டருக்கு மேல். அங்கே சங்கிலிக்கு முன்பாக எரிபொருளும் தண்ணீரும் வண்டியை நிறுத்திவிடலாம். நம் நாட்டு டீசலில் 7 முதல் 20 விழுக்காடு வரை செம்பனை எண்ணெயில் செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. குளிரில் அது சீக்கிரம் மெழுகாகக் கட்டி ஃபில்டரை அடைக்கும். உபரி டேங்கில் மலேசிய டீசலைக் கொண்டுபோய் மலையில் ஊற்ற வேண்டாம். சீனாவில் டீசலுக்கு 0, −10, −20, −35 என்று எண் இருக்கும், போகும் இடத்துக் குளிருக்கு ஏற்ற எண்ணைக் கேட்டு நிரப்பி, கொஞ்ச தூரம் ஓட்டி ஃபில்டர் வரை அது வந்தபிறகு மலையேறுங்கள்.

ரேடியேட்டரில் பட்டறைக்காரர் வெறும் தண்ணீரோ நீர்த்த கூலண்டோ ஊற்றியிருந்தால் அது உறைந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். எத்திலீன் கிளைக்கால் பாதி, சுத்த நீர் பாதி என்று மாற்றினால் ஏறத்தாழ −37 டிகிரி வரை தாங்கும். கண்ணாடி கழுவும் தண்ணீரையும் உறையாத வகைக்கு மாற்றுங்கள். இரவில் நிறுத்தும்போது, சமதளமாக இருந்தால், ஹேண்ட்பிரேக்கை விட்டு கியரில் நிறுத்திக் கட்டை வையுங்கள். ஈரமான பிரேக் கட்டை டிரம்மோடு உறைந்து ஒட்டிக்கொள்வதைத் தவிர்க்கலாம்.

கேள்வி: ஹொக்கைடோவுக்கு இரும்புச் சங்கிலிக்குப் பதில் துணி உறை போதுமா?
– வாசகி, பிறை

குளிர்காலத்தில் ஹொக்கைடோவில் தரும் வாடகை வண்டிகளில் ஸ்டட்லெஸ் (ஆணி பதிக்காத) குளிர்கால டயர் இருக்கும், வழக்கமான சாலைகளுக்கு அதுவே போதும். ஜப்பானில் 2018 டிசம்பரில் வந்த விதிப்படி, கடும்பனி எச்சரிக்கையின்போது நாட்டில் குறிப்பிட்ட 13 சாலைப் பகுதிகளில் குளிர்கால டயர் இருந்தாலும் சங்கிலி கட்டாயம். துணி உறை லேசானது, ஐந்து நிமிடத்தில் மாட்டலாம், இடமில்லாத வீல் ஆர்ச்சுக்கும் பொருந்தும். பனி இல்லாத தார்ச்சாலையில் சீக்கிரம் கிழிந்துவிடும் என்பதும், கனமான வண்டியில் ஆழமான பனிக்கு அது போதாது என்பதும் அதன் குறைகள். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பனிச் சங்கிலியை மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் பயன்படுத்தலாமா?
– வாசகர், நிபோங் திபால்

இழுவை கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வைர வடிவத்தின் கட்டங்களில் நம் களிமண் அடைத்துக்கொண்டு சீக்கிரமே மொழுக்கென்று ஆகிவிடும். சேற்றுக்கு இடைவெளி அதிகமுள்ள, கனத்த ஏணி வடிவம் பொருத்தம். சக்கரம் ஒரே இடத்தில் சுழல விட்டால் சங்கிலி தோண்டிக்கொண்டே போய் அச்சு தரையில் உட்காரும். புதைந்த செம்பனை மட்டையும் வேரும் கண்ணியில் சிக்கினால் சங்கிலியை உருவிக்கொண்டு பிரேக் குழாயில் சுற்றும். தோட்டத்துப் பாதைகளையும் அது கிழித்துப் போடும் என்பதால் நிர்வாகத்திடம் கேட்காமல் இறங்க வேண்டாம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, நல்ல மட் டயரும் வின்ச்சும் (வண்டியை வடத்தால் இழுக்கும் கருவி) வைத்துக்கொள்வதே நம் ஊர்ச் சேற்றுக்குச் சரியான வழி. ஆனால் காற்றைக் குறைத்த டயரில் சங்கிலி வேண்டாம், அது கழன்றுவிடும்.

கேள்வி: ஓட்டும்போது ‘டக், டக்’ என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்டால்?
– வாசகர், ஷா ஆலம்

உடனே வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். பனியில் சங்கிலி ஓடும்போது சீரான கரகரப்பு இருக்கும், அது இயல்பு. சக்கரத்தின் சுற்றோடு சேர்ந்து ஒற்றை அடி கேட்டால் ஒரு கண்ணி அறுந்தோ ஒரு முனை கழன்றோ வீல் ஆர்ச்சில் அடிக்கிறது. இணைப்புக் கண்ணியால் சேர்த்து, இழுத்து இறுக்குங்கள். சேர்க்க முடியாவிட்டால் தொங்கும் துண்டைக் கட்டுக்கம்பியால் பக்கத்துக் கண்ணியோடு கட்டி, நடைவேகத்தில் அடுத்த நிறுத்தம் வரை போகலாம். அதுவும் முடியாவிட்டால் இரண்டு பக்கத்தையும் கழற்றிவிடுங்கள். நிறுத்தியதோடு உட்புறம் விளக்கடித்து, பிரேக் குழாயிலும் ஏபிஎஸ் ஒயரிலும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் வண்டியை மேலும் ஓட்டாமல் உதவிக்கு அழையுங்கள்.

கேள்வி: போன ஆண்டு கொண்டுவந்த சங்கிலி பையைத் திறந்தால் முழுக்கத் துரு. காப்பாற்ற முடியுமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பனிச்சாலையில் தூவும் உப்பும் பினாங்குக் காற்றின் ஈரமும் சேர்ந்த வேலை அது. மேலோட்டமான துரு என்றால் கம்பித் தூரிகையால் தேய்த்து, சுடுநீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் தெளித்துப் பயன்படுத்தலாம். கண்ணிகள் இரண்டும் உராயும் வளைவில் துரு குழிபறித்திருந்தாலோ, உள்வளையத்தின் எஃகு வடத்தில் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். ரப்பர் இழுவையில் வெடிப்பு இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். அடுத்த முறை, விமானம் ஏறும் முன்பே விடுதிக் குளியலறையில் நல்ல தண்ணீரில் கழுவி, துண்டால் துடைத்துக் கட்டுங்கள். வீடு வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, எண்ணெய் பூசி, காற்றோட்டமான துணிப்பையில் தொங்கவிடுங்கள்.